எல்லை தாண்டாதவர்களைப் பற்றி நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நிதி அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் எந்த ஒரு நாட்டு அமைச்சருக்கும் தனியாக எழுதியதல்ல. பக்கத்து நாட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று உங்கள் மக்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து நீங்கள் எப்போதாவது முகம் சுளித்திருந்தால், இது உங்களுக்குத்தான். சுளிக்காத நிதி அமைச்சர் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் சுளித்திருப்பேன். வரி அந்தப் பக்கம் போகிறது, வியாபாரம் அந்தப் பக்கம் போகிறது, எல்லையோரக் கடைக்காரர்கள் சங்கமாகத் திரண்டு வந்து உங்கள் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் போகிறவன்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கிளம்பும்போது கீழ்வீட்டு அம்மா ஒரு சீட்டு கொடுப்பார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, கார் கிடையாது. அந்தச் சீட்டை வைத்துத்தான் இந்த மடலே. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்களில் ஒருவர் பட்ட பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 2008 டிசம்பர் 1. அன்று ஒரே நாளில் பிரிட்டன் தன் வாட் வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15க்கு இறக்கியது, அயர்லாந்து தன்னுடையதை 21இலிருந்து 21.5க்கு ஏற்றியது. போதாததற்கு பவுண்டும் சரிந்து, அந்த மாதக் கடைசியில் கிட்டத்தட்ட யூரோவுக்குச் சமமாக வந்து நின்றது. டப்ளினிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் நியூரி, அதாவது பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் நியூரிக்குப் போகும் சாலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது அயர்லாந்தின் நிதி அமைச்சராக இருந்த பிரையன் லெனிஹன் நாட்டுப்பற்றை எடுத்தார். வடக்கே போய் வாங்குகிறவர்கள் சொந்த நாட்டுக்கு வரி கட்டாமல் பிரிட்டிஷ் அரசிக்கு வரி கட்டுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். மக்கள் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் காரை எடுத்தார்கள். ஓராண்டு கழித்து, 2009 டிசம்பர் பட்ஜெட்டில், அதே அமைச்சர் மதுவின் கலால் வரியைக் குறைத்து, வாட் வரியையும் பழையபடி 21க்கே கொண்டுவந்தார்.

அயர்லாந்துக்கு இது முதல் தடவையும் இல்லை. 1987இல் அங்கே ஒரு விதி போட்டார்கள்: 48 மணி நேரமாவது வெளியே தங்கியிருந்தால்தான் வரியில்லாமல் பொருள் கொண்டுவரும் சலுகை உண்டு. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களைக் குறிவைத்த விதி அது. 1990இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

நார்வேயில் கதை இன்னும் ருசியானது. அங்கே வார இறுதியில் சுவீடனுக்குப் போய் இறைச்சி, மிட்டாய், குளிர்பானம், புகையிலை என்று அள்ளிக்கொண்டு வருவது பல காலமாக நடக்கிறது. 2002இல் விவசாய அமைச்சராக இருந்த லார்ஸ் ஸ்பான்ஹைம் அதை 'ஹாரி' என்றார். 'ஹாரி' என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் ரசனை கெட்ட, பட்டிக்காட்டுத்தனமான என்று பொருள். சொன்னது மக்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்றைக்கு 'ஹாரி பயணம்' போகிறோம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். நம் மொழியில் சரக்கு சுமந்து நாடு விட்டு நாடு பறக்கிறவர்களைக் 'குருவி' என்கிறோமே, அது வசையா செல்லமா என்று பிரிக்க முடியாது, அதைப் போல. குருவிகள் விற்பதற்காகச் சுமக்கிறவர்கள், நான் சொல்கிறவர்கள் சொந்தச் சமையலறைக்காகச் சுமக்கிறவர்கள் என்ற வித்தியாசம் உண்டு. சுங்க அதிகாரி பையைத் திறந்து பார்க்கும்போது அந்த வித்தியாசம் சில நேரம் மறைந்துவிடுகிறது.

திட்டிப் பார்த்துப் பலிக்காதபோது அடுத்து கையில் எடுப்பது வரம்பு. இதில் நீங்கள் காட்டும் கற்பனை வளத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவின் ஜொகூருக்குக் கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று தொடங்கி, 1991இல் முக்காலாக்கினார்கள். மறுபக்கத்தில் மலேசியா, மானிய விலையில் விற்கும் ரான் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு ஊற்றக் கூடாது என்று 2010இல் தடை போட்டது. ஒரே பெட்ரோலுக்கு இரண்டு பக்கமும் காவல். ஹங்கேரி 2021 நவம்பரில் பெட்ரோல் விலைக்கு லிட்டருக்கு 480 போரிண்ட் (அந்த நாட்டு நாணயம்) என்று உச்சவரம்பு வைத்தது. பக்கத்து நாட்டுக் கார்கள் வந்து குவிந்ததும் 2022 மே மாதக் கடைசியில், உள்நாட்டு எண் பலகை இருந்தால்தான் அந்த விலை என்றது. நேபாளம் 2023இல் இந்தியாவிலிருந்து வாங்கி வரும் பொருள் 100 நேபாள ரூபாயைத் தாண்டினால் சுங்கம் கட்ட வேண்டும் என்ற விதியைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது. இந்திய மதிப்பில் அது 62 ரூபாய் 50 காசு. வீட்டுக்கு வேண்டிய நாலு சாமான் வாங்கினாலே தாண்டிவிடும் தொகை. எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை.

விதிவிலக்காக, இத்தாலியின் பிரியூலி வட்டாரத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் சுலோவேனியா. பெட்ரோலுக்கு ஆட்கள் அங்கே போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெட்ரோல் விலையில் கழிவு கொடுத்துவிட்டார்கள். உருகுவேயும் அர்ஜென்டினா எல்லைக்கு அருகே இருக்கும் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் வரியைத் தளர்த்தியிருக்கிறது. ஆளை மறிக்காமல் விலையைத் தொட்டவர்கள் இவர்கள்.

இப்போது சுவிட்சர்லாந்துக்கு வருவோம். கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கப்போகிறேன், காரணம் இருக்கிறது.

2015 ஜனவரி 15ஆம் தேதி காலை, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வோம் என்று 2011 செப்டம்பரில் தான் கொடுத்திருந்த வாக்கை சுவிஸ் மத்திய வங்கி கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்கு எகிறியது. அன்று மாலைக்குள் ஒரு யூரோ ஏறத்தாழ ஒரு பிராங்கு. பிராங்கில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஜெர்மனிப் பக்கக் கடைகள் ஒரே நாளில் மலிவாகிவிட்டன. உள்ளூர்க் கடையில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது. கான்ஸ்டான்ஸ், வைல் அம் ரைன் போன்ற ஜெர்மன் எல்லை ஊர்களின் தெருக்களில் சுவிஸ் எண் பலகைகள் நிறைந்தன. வாங்கிய பொருளுக்கான ஜெர்மன் வாட் வரியையும் திரும்பப் பெறலாம், சுங்கச் சாவடியில் பச்சை நிறத் தாளில் முத்திரை குத்தி வாங்கினால் போதும். முத்திரை குத்தியே அலுத்துப்போன ஜெர்மனி 2020 முதல் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் வரி திரும்பக் கிடைக்கும் என்றது. ஒரு கடையில் நுழைந்தால் 50ஐத் தாண்டாமல் வெளியே வராதே என்று சட்டமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

பிறகு 2025 ஜனவரி 1 முதல், வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பை ஆளுக்கு நாளொன்றுக்கு 300 பிராங்கிலிருந்து 150ஆக சுவிட்சர்லாந்து குறைத்தது. இதைச் சற்று உற்றுப் பாருங்கள். வரம்பு ஆளுக்கு. குழந்தையும் ஓர் ஆள். காரில் நாலு பேர் போகும் குடும்பத்துக்கு 600 பிராங்கு. தனியாக ரயிலில் போகும் முதியவருக்கு 150. தாண்டினால்தான் என்ன? சுவிஸ் வாட் வரி உணவுக்கு 2.6 சதவீதம், மற்ற பெரும்பாலான பொருள்களுக்கு 8.1. ஜெர்மனியில் அதே 7, 19. ஜெர்மன் வரியைத் திரும்பப் பெற்று சுவிஸ் வரியைக் கட்டினாலும், பல பொருள்களில் அந்தப் பக்கத்து விலையே மலிவு. ஆக, சுவிட்சர்லாந்து விஷயத்தில் விலை இடைவெளிக்குக் காரணம் வரி இல்லை. வரி குறைவாக இருக்கும் நாட்டில்தான் விலை கூட!

சரி, வரி இல்லையென்றால் வேறு என்ன? கூலி, வாடகை என்பீர்கள். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. பொருளியலாளர்கள் பெலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியாக விளக்கியது இதைத்தான்: தொழிற்சாலைகள் திறமையாக இயங்கும் நாட்டில் கூலி உயரும்; அந்த உயர்ந்த கூலியை முடிதிருத்துபவருக்கும் கடைச் சிப்பந்திக்கும் கொடுத்தாக வேண்டும்; அதனால் அங்கே சேவைகள் எல்லாமே விலை கூடும். பொருளை இறக்கி, அடுக்கி, விற்றுக் காசு வாங்கிப் போடுகிறவரின் சம்பளம் ஒவ்வொரு பொருளின் விலையிலும் கொஞ்சம் இருக்கிறது. அது நியாயமான பங்கு. அதைக் குறை என்று சொல்கிறவன் அந்தச் சிப்பந்தியின் வயிற்றில் அடிக்கிறான்.

நாணய மாற்று இன்னொரு பங்கு. அது யார் கையிலும் இல்லை. வந்த வேகத்தில் திசை மாறவும் செய்யும். எல்லை தாண்டும் கூட்டமும் அப்படித்தான், அதைக் கிளப்புவது எப்போதும் விலையாக இருக்க வேண்டியதில்லை. 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவு விவகாரத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சீனப் பெருநிலத்து மக்கள் ஹாங்காங்குக்கு வந்து பால்மாவை டின் டின்னாக வாங்கிப் போனார்கள். உள்ளூர்த் தாய்மார்களுக்குக் கிடைக்காத நிலை வந்து, 2013 மார்ச் 1 முதல் ஆளுக்கு 1.8 கிலோ, அதாவது இரண்டு டின் என்று ஹாங்காங் வரம்பு கட்டியது. மீறினால் சிறைகூட உண்டு. அங்கே மக்களைத் துரத்தியது விலையைவிட பயம். இன்றைக்கு அதே எல்லையில் வார இறுதியானால் ஹாங்காங்வாசிகள் பெருநிலத்து நகரமான ஷென்சென்னுக்குப் போய் மலிவாக வாங்கி, சாப்பிட்டு, பல்லைக்கூடக் காட்டிச் சரிசெய்துகொண்டு திரும்புகிறார்கள். பத்தே ஆண்டில் ஆறு திரும்பி ஓடுகிறது.

வரி, கூலி, நாணயம் மூன்றையும் கழித்த பிறகும் மிஞ்சுவது ஒன்று இருக்கிறது. இந்த நாட்டுக்காரன் பையில் எவ்வளவு இருக்கும், எவ்வளவு கேட்டால் முனகிக்கொண்டாவது கொடுப்பான் என்று விற்பவர் போடும் கணக்கு. இதை நான் ஊகத்தில் எழுதவில்லை, தீர்ப்புகளில் இருக்கிறது. எல்மெக்ஸ் பற்பசையைத் தயாரிக்கும் காபா நிறுவனம், ஆஸ்திரியாவில் அதைச் செய்து விற்கும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆஸ்திரியாவுக்கு வெளியே விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது. அங்கே மலிவாகக் கிடைக்கும் அதே பற்பசையை ஒரு சுவிஸ் வியாபாரி வாங்கிவந்து விற்க வழியில்லை. சுவிஸ் போட்டி ஆணையம் 2009இல் 48 லட்சம் பிராங்கு அபராதம் போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சுவிஸ் வாடிக்கையாளருக்குப் புதிய கார் விற்கக் கூடாது என்று வெளிநாட்டு முகவர்களைத் தடுத்ததற்காக பிஎம்டபிள்யூ நிறுவனத்துக்கு 2012இல் போட்ட அபராதம் 15.6 கோடி பிராங்கு.

எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியத்து பீர் கதை. ஏபி இன்பெவ் நிறுவனத்தின் ஜூபிலர் பீர் பெல்ஜியத்தைவிட நெதர்லாந்தில் மலிவு. நெதர்லாந்திலிருந்து வாங்கி பெல்ஜியக் கடைகளில் விற்றுவிடுவார்களே, என்ன செய்வது? நெதர்லாந்துக்குப் போகும் டப்பாக்களிலிருந்து பிரெஞ்சு எழுத்தை எடுத்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதிகளில் அந்த டப்பாவை விற்க முடியாதல்லவா. இதற்கும் இது போன்ற வேறு சில உத்திகளுக்கும் சேர்த்து ஐரோப்பிய ஆணையம் 2019 மே மாதம் விதித்தது 20 கோடி யூரோ. 2024 மே மாதம் சாக்லேட், பிஸ்கட், காபி விற்கும் மொண்டெலீஸ் நிறுவனத்துக்கு 33.75 கோடி யூரோ. குற்றம் ஏறத்தாழ அதே ஜாதி: மலிவான நாட்டிலிருந்து விலை கூடிய நாட்டுக்குச் சரக்கு போகாமல் தடுத்தது. இத்தனைக்கும் இது எல்லைச் சோதனையையே எடுத்துவிட்ட, ஒரே சந்தை என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றியத்துக்குள்.

1996இல் சார்லஸ் எங்கல், ஜான் ராஜர்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 23 நகரங்களின் விலைகளை ஒப்பிட்டு, நடுவே எல்லைக்கோடு ஒன்று இருப்பது 75,000 மைல் தூரம் இருப்பதற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். பூமியையே மூன்று தடவை சுற்றிவிடலாம். அந்த எண் மிகையானது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லைக்கோடு விலையைப் பிரிக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. கனடியர்கள் அதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் அமெரிக்க விலையும் கனடிய விலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். 2007 செப்டம்பரில், 1976க்குப் பிறகு முதல் முறையாக, இரண்டு டாலரும் சமமானபோது பின்னட்டையில் இருந்த வித்தியாசம் எல்லோர் கண்ணிலும் உறுத்தியது. நிதி அமைச்சர் ஜிம் பிளாஹர்ட்டி சில்லறை வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசினார். உங்கள் ஜாதியில் வாங்குகிறவரை விட்டுவிட்டு விற்கிறவரைக் கேள்வி கேட்ட அபூர்வமான ஆள் அவர் என்பதால் பெயரைக் குறிப்பிடுகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி செனட் குழு ஒன்று ஆராய்ந்து 2013இல் அறிக்கை கொடுத்தது. விலை இடைவெளிக்கு ஒரே காரணத்தை உறுதியாகக் காட்ட முடியவில்லை என்று அக்குழுவே ஒப்புக்கொண்டது; நாட்டுக்கு நாடு விலை வைக்கும் வழக்கத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

வரியைக் குறைத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. சில வரிகளைத் தொட்டால் வினை. எஸ்டோனியா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியாவின் தாலினுக்கு இரண்டு மணி நேரக் கப்பல் பயணம்தான். மக்கள் அங்கே போய் மது வாங்கிக் குவிப்பார்கள் என்று பயந்து, பின்லாந்து அந்த மார்ச்சிலேயே மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குடி கூடியது, குடியால் இறந்தவர்கள் எண்ணிக்கையும் கூடியது. பின்னால் வரியைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது. எஸ்டோனியாவோ 2017 ஜூலையில் பீர் வரியை ஒரேயடியாக 70 சதவீதம் ஏற்றியது. உடனே கார்கள் தெற்கே லாட்வியாவை நோக்கித் திரும்பின. எல்லை நடுவே ஓடும் வல்கா என்ற இரட்டை ஊரில், லாட்வியப் பக்கத்தில் மதுக்கடைகள் முளைத்தன. 2019 ஜூலையில் எஸ்டோனியா 25 சதவீதம் குறைத்தது. சில வாரங்களில் லாட்வியா தன் பங்குக்குக் குறைத்தது. டென்மார்க் 2011 அக்டோபரில் கொண்டுவந்த கொழுப்பு வரி 2013 பிறந்ததும் போய்விட்டது. மக்கள் ஜெர்மனிக்குப் போய் வாங்குகிறார்கள் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நார்வேயும் சாக்லேட், மிட்டாய் வரியை 2018இல் 83 சதவீதம் ஏற்றிவிட்டு, 2021இல் அந்த வரியையே எடுத்துவிட்டது. மக்கள் உடல்நலத்துக்காகப் போடும் வரி என்றால் போடுங்கள், அதற்காகத்தான் என்று சொல்லுங்கள். பக்கத்து நாட்டோடு கலந்து பேசிப் போடுங்கள். பற்பசைக்கும் பீருக்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இப்போது கீழ்வீட்டு அம்மாவுக்கு வருகிறேன்.

எல்லை தாண்டி வாங்குவது ஒரு தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடியை யார் பெறுகிறார்கள்? கார் இருப்பவர்கள். சனிக்கிழமை விடுமுறை இருப்பவர்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிப்போடக் கையில் காசும் வீட்டில் இடமும் இருப்பவர்கள். எல்லையைத் தாண்டித் திரும்பி வருவதற்குச் செல்லுபடியாகும் தாள்கள் இருப்பவர்கள். தற்காலிக அனுமதியில் வாழும் எத்தனையோ தொழிலாளர்களுக்கும் அகதிகளுக்கும் அது கிடையாது. ஊர் எல்லையிலிருந்து நூறு மைல் உள்ளே இருந்தால் அதுவும் போச்சு. மொத்தத்தில் இந்தத் தள்ளுபடி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு வந்து சேர்வதில்லை. மருந்துக்கடை, மளிகைக்கடை என்று நடந்து போகும் தூரத்தில் என்ன விலை சொல்கிறார்களோ அதைக் கொடுத்து வாங்குகிறவர் அவர்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. விலை கூடினால் சண்டை போடக்கூடிய, நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஆட்கள் எல்லோரும் என்னைப் போல அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். உள்ளே மிஞ்சுவது கேட்ட விலையைக் கொடுப்பவர்கள். அப்படியிருக்க உள்நாட்டு விலையை இறக்க விற்பவருக்கு என்ன அவசரம்? நாங்கள் போய்வருவதே ஒருவகையில் உள்ளே விலையைத் தாங்கிப் பிடிக்கிறதோ என்று சில சமயம் எனக்கு உறுத்துகிறது. எல்லையோரச் சிறு கடைக்காரர் நிலைமையும் பாவம்தான். அவருக்கு மொத்த விலைக்குக் கிடைப்பதே அந்தப் பக்கத்துச் சில்லறை விலையைவிடக் கூடுதலாக இருக்கும்போது அவர் எங்கே போய் விலை குறைப்பார்? அவரும் எல்லை தாண்ட முடியாதவர்தான். எனக்கு அனுமதி உண்டு, பற்பசை நாலு குழாய் வாங்கி வரலாம். அவர் நானூறு வாங்க நினைத்தால் ஒப்பந்தம் மறிக்கிறது, அச்செழுத்து மறிக்கிறது.

ஆகவே வரம்பைக் குறைப்பதற்கு முன்னால் சில வேலைகளைச் செய்யச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே பார்கோடு உள்ள நூறு பொருள்களை எடுங்கள். வரியை நீக்கிவிட்டு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எது கூலி, எது வாடகை, எது நாணயம் என்று உங்கள் பொருளியலாளர்களே பிரித்துச் சொல்லட்டும். மிஞ்சும் பங்குக்கு உரியவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வழி இல்லாமல் இல்லை: சுவிட்சர்லாந்திலேயே 2022 முதல், ஒரு நிறுவனத்தின் சரக்கை நம்பியே இருக்கும் வியாபாரி வெளிநாட்டு விலைக்குக் கேட்டு அந்த நிறுவனம் தர மறுத்தால், அதைத் தட்டிக் கேட்கச் சட்டத்தில் இடம் வந்திருக்கிறது. சிறு கடைக்காரரும் அந்தப் பக்கத்திலிருந்து கொள்முதல் செய்ய வழிவிடுங்கள். அப்படி அவர் கொண்டுவந்தால் கீழ்வீட்டு அம்மா தெருமுனைக்கு நடந்து போய் வாங்கிக்கொள்வார். நான் சனிக்கிழமை தூங்குவேன். அப்புறம், எல்லையில் எத்தனை கார் போகிறது என்று எண்ணுகிறீர்கள் அல்லவா, போகாதவர்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்: எத்தனை பேர், எதற்காகப் போகவில்லை, அதனால் ஆண்டுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

நாட்டுப்பற்று இல்லை என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவுக்குக் காரில் போய்த் திரும்பிய கனடியர்கள், முந்தைய ஆண்டு அதே மாதத்தைவிட 35 சதவீதம் குறைவு. அமெரிக்கச் சுங்க வரிகளும் அங்கிருந்து வந்த சொற்களும் அவர்களைச் சுட்டன, நின்றுவிட்டார்கள். கோபம் சொந்தமாக வந்தால் மலிவு விலையையும் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் மக்கள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. கீழ்வீட்டு அம்மாவின் சீட்டு வந்துவிட்டது. முழங்காலுக்குத் தடவும் களிம்பு, சலவைத்தூள், காபித்தூள், பற்பசை, பேரனுக்கு ஒரு ஜோடி காலணி. என் வீட்டுச் சாமானோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், வரம்பைத் தாண்டுகிறது. களிம்பையும் காபித்தூளையும் வைத்துக்கொண்டு மற்றதில் எதை விடுவது என்று இன்று மாலை கீழே இறங்கிப் போய் அவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மாதம் ஒரு சனிக்கிழமை வரிசையில் நிற்கும் ஒருவன்